ஞாயிறு அறிவிப்பும் வாரத்தின் ஆறு நாட்களும்

ஆலயத்தில் அறிவிப்பு வாசிக்கும் வேளை வந்தவுடன் சபையார் சற்றே இளைப்பாறுவது வழக்கமாயிற்று. பிள்ளைகள் வெளியே எட்டிப் பார்ப்பர். பெரியோர் கடிகாரத்தை நோக்குவர். தங்கள் வீட்டு ஓலை வாசிக்கப்படும் என்று எதிர்பார்த்திருப்போர் மட்டுமே நிமிர்ந்து உட்காருவர். நாமும் மாணவராயிருந்த நாளில் அவ்வாறே இருந்தோம் என்பதை ஒளிப்பதிற் பயனில்லை. பாட்டும் பிரசங்கமுமே ஆராதனை, அறிவிப்பு இடையில் வந்த ஓர் உலக காரியம் என்பது அந்நாளில் நம் எண்ணம். இப்பொழுதோ, ஒரு சபையின் நிலையை அறிய விரும்புவோர் அதன் பிரசங்கத்தைக் கேட்பதினும் அதன் அறிவிப்பைக் கேட்பதே தகும் என்னும் கருத்துடையோம். அங்ஙனம் கருதுவதற்குக் காரணங்களை இக்கட்டுரையிற் கூற முயல்வோம்.

அறிவிப்பு என்பது பிற்காலத்தார் நுழைத்த வழக்கமன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்ப்போர் திருவிருந்து முறைமையில் அதற்கு ஓரிடம் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிந்ததும், வருகிற வாரத்தில் அனுசரிக்க வேண்டிய திருநாட்களும் உபவாச நாட்களும் எவை என்பதைக் குருவானவர் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். திருவிருந்து நடைபெறுமாயின் அதையும் அறிவிக்க வேண்டும். அவரையன்றி வேறெவரும் ஆராதனை வேளையில் எதனையும் கூறி அறிவித்தலாகாது. திருவிருந்திற் பங்குபெற விரும்புவோர் முந்தின நாளாவது தம் பெயரைக் குருவானவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அப்புத்தகத்தின் ஒழுங்கே. அன்றியும், குருவானவர் நாள்தோறும் காலை மாலை ஜெபங்களை ஆலயத்திற் சொல்ல வேண்டும்; கேட்க வருவோர் வரும்படி முன்னதாக மணி அடிப்பிக்க வேண்டும். இவற்றை எழுதினோரின் உள்ளக்கிடக்கை தெளிவாக விளங்குகின்றது. வாரம் என்பது ஞாயிறு ஒன்றன்று. ஆறு நாட்களையும் சபையார் ஒருவரையொருவர் அறிந்து கழிக்க வேண்டும். அவ்வறிதலுக்கு வாயில் ஞாயிறு அறிவிப்பு. இந்த ஜெபப் புஸ்தகத்தைத் தமிழாக்கியோருள் ஒருவரான ராட்லர் 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1836-இல் அங்கே காலமானார். செடிகொடிகளைச் சேகரித்து ஆராய்வதிலும் பெயர் பெற்றவர் அவர்.

தரங்கம்பாடியைச் சொன்னதும் நாம் கூறக் கருதிய இடம் நெருங்கி வருகின்றது. காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி செல்லும் நெடுஞ்சாலையில் கோட்டுச்சேரி என்னும் ஊர் உள்ளது. சுற்றிலும் நஞ்சை, கிழக்கே சிறிது தொலைவில் கடலும், கோட்டுச்சேரிமேடு முதலிய மீனவர் ஊர்களும். இந்நிலப்பகுதி 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயர் பிடித்த காலம் நீங்க, 1954 நவம்பர் முதல் தேதி வரை அவர் ஆட்சியிலேயே இருந்தது. சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962-இல். ஆகவே இங்குக் கிறிஸ்தவர் என்றால் கத்தோலிக்கர் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்வர். காரைக்காலம்மையாரின் மாங்கனித் திருவிழாவிற்கும், பள்ளிவாசல் கந்தூரிக்கும், கத்தோலிக்க ஆலயத்துத் தேருக்கும் ஊர் முழுதும் திரளும். இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்தோர் இவற்றினிடையே ஒரு சிறு பிடி.

அவர்க்கு அண்மையிலுள்ள பழைய ஆலயம் நண்டலாற்றுக்கு அப்பால், பேருந்தில் அரைமணிக்குட்பட்ட தொலைவில், தரங்கம்பாடியில் நிற்கும் சீயோன் ஆலயம். (அந்த எல்லையைச் சனிக்கிழமை மாலையில் தெற்கு நோக்கிக் கடப்போரிற் பலர் ஆலயத்தைக் கருதிக் கடப்பவரல்லர். காரைக்காலில் எது மலிவு என்பதைச் சோதனைச் சாவடிக் காவலர் நன்கறிவர்.) சீயோன் ஆலயம் 1701-இல் தேனியர் தம் கோட்டைக் காவற்படைக்கும் வணிகருக்குமாக எடுப்பித்தது. 1706 ஜூலை 9-ஆம் தேதி கரையிறங்கிய சீகன்பால்க் ஐயரால் உண்டான தமிழ்ச் சபைக்குரிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டையாயிற்று. அது இன்று லுத்தரன் திருச்சபையாருடையது. 1845-இல் தேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபின் சீயோன் ஆலயம் இங்கிலாந்துத் திருச்சபை முறைமைக்கு வந்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்து முதலிய சபைகள் ஒன்றாகி அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில் இன்று அது சேர்ந்திருக்கின்றது. ஒரே தெருவில், கூப்பிடு தொலைவில், இரு மரபின் ஆலயங்கள் நிற்பதைக் காண வருவோர் வியப்பர். அவ்விரண்டிற்கும் இடையிலிருந்த உறவு பழையது. சீகன்பால்க் ஐயருக்கு 1712-இல் வந்து சேர்ந்த அச்சுப்பொறியை அனுப்பியது எஸ்.பி.சி.கே. என்னும் லண்டன் சங்கம். அது இங்கிலாந்துத் திருச்சபையாரின் சங்கமேயாகும்.

அந்தத் தரங்கம்பாடி மிஷனாரிடம் ஒரு நற்பழக்கம் இருந்தது. அவர்கள் நாள்தோறும் நடந்ததை எழுதி வைத்தனர். இன்ன கிராமத்திற்குப் போனோம், இன்னவர் நோயுற்றிருந்தார், இன்னவர் இறந்தார், மழை பெய்யவில்லை, நெல் விலை ஏறிற்று என்று எழுதினர். உபதேசியார்களும் அவ்வாறே எழுதிக் கொடுத்தனர். அவை ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்குக் கப்பலில் அனுப்பப்பட்டு, 1710 முதல் அச்சாகி வெளிவந்தன. மூலப் பிரதிகள் பல அங்கே இன்றும் பேணப்படுகின்றன. 1733 டிசம்பர் 28-ஆம் தேதி குருப்பட்டம் பெற்ற ஆரோன் என்னும் தமிழர் சோழநாட்டுச் சிற்றூர்களில் அலைந்து பணிசெய்ததையும், பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வாற்றுப்படுகையில் வாழ்ந்த ஏழை எளியோரின் பஞ்சத்தையும் பசியையும் நாம் இன்று ஓரளவேனும் அறிவது அந்த அன்றாடக் குறிப்புகளாலேயாம். அரசர் கல்வெட்டில் அவர்களுக்கு இடமில்லை. அக்குறிப்புகளை எழுதியோர் பெருவிழாக்களை மட்டும் எழுதியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது என்ன? பந்தலும் பாட்டும் வந்திருந்த துரைமாரின் பெயர்களும்.

வாரந்தோறும் ஒருவரையொருவர் அறியும் வழக்கம் முழு உருவம் பெற்றது தரங்கம்பாடியிலன்று. அதற்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமையிலாகும். அச்சீமையிலிருந்து ஆசிரியராகவும் செவிலியராகவும் அரசுப் பணியாளராகவும் சோழநாட்டிற்கு வந்து குடியேறியோர் பலர். இவ்வழக்கங்களையும் அவர்கள் உடன் கொண்டு வந்தனர். சி.எம்.எஸ். சங்கத்தாரும் எஸ்.பி.ஜி. சங்கத்தாரும் பணிபுரிந்த அவ்வூர்களிலே, பனையேறச் செல்வோர் கேட்கும்படி வைகறையில் ஆலயமணி ஒலிக்கும், மாலையிலும் ஒலிக்கும். தோத்திரப் பண்டிகையில் முதற்கனிகளைக் கொணர்ந்து படைத்து ஏலம் விடுவர். ஒரு பூசணிக்காய் அதன் விலையைப்போல் இருபது மடங்குக்குப் போவதும், எடுத்தவர் அதையே திரும்பக் கொடுப்பதும் உண்டு. பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் நடைபெறும். இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. நாம் இங்கே எடுத்துக் கூற விரும்புவது கைப்பிடி அரிசி. வீட்டுப் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேளைதோறும் தனியே ஒரு பையிலோ கலயத்திலோ போட்டு வைத்து, அதனை ஞாயிறன்று ஆலயத்திற்குக் கொணர்வர். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையிலே தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம் நம்மவர் பொருளால், நம்மவர் ஆளால் நடப்பது என்று வேதநாயகம் அசரியா முதலியோர் துணிந்து கூறினர். அப்படிக் கூறத்தக்க துணிவைத் தமிழ்ச் சபைகளுக்கு அளித்தவற்றுள் இவ்வாறான பிடிக்கணக்கும் ஒன்று என்பது நம் கருத்து.

கைப்பிடி அரிசியின் பயன் பொருள் மட்டுமன்று. ஞாயிறன்று பைகளை வாங்கிக் கொட்டும் அம்மையார் ஒருவர் இருப்பார். எந்த வீட்டுப் பை கனத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது, எது வரவில்லை என்பதை அவர் கை அறியும். குருவானவருக்கும் சபைமூப்பருக்கும் தெரியாத வறுமை அவருக்குத் தெரியும். மெலிந்த பை எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்த வீட்டிற்கு அன்று மாலையே ஒரு படி அரிசி போய்ச் சேருவதும் உண்டு. அதைச் சபையில் யாரும் அறிவிப்பதில்லை.

இனி, இக்காலத்துச் சிறு சபையொன்றின் வாரத்தை நோக்குவோம். ஞாயிறு காலை ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி; வாரத்தின் நடுவில் பெண்கள் ஐக்கிய சங்கம்; வெள்ளியன்று உபவாச ஜெபம்; ஏதேனும் ஒரு மாலை வீட்டு ஜெபக் கூட்டம்; சனிக்கிழமை பாடகர் குழுவின் பயிற்சியும் ஆலயத்தைப் பெருக்குதலும். குருவானவர் ஒருவரே பல சபைகளைக் கவனிப்பதனால் எல்லா ஞாயிறுகளிலும் திருவிருந்து இராது. இவற்றுக்கு வாசிக்கும் அறிவிப்பு, வழக்கம்போல் நடைபெறும் என்னும் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். எஞ்சிய நேரம் முழுதும் வரவிருக்கும் விழாவிற்கே. பந்தற்காரர் யார், ஒலிபெருக்கி யாருடையது, நன்கொடை இன்னும் எவ்வளவு வரவேண்டும், சாலையோரம் வைக்கும் பதாகையில் எவர் படம் எந்த அளவில் அச்சிடப்படும்! கன்வென்ஷன் கூட்டத்திற்கு எந்தப் பிரசங்கியார் வருகிறார் என்பதற்கு அவர் பெற்ற பட்டங்களோடு ஐந்து நிமிடம் ஆகும். வாட்ஸாப் வழியாகவும் இவ்வறிவிப்புகள் வாரமுழுதும் வருகின்றன. அக்கருவியை நாம் பழிக்கவில்லை; இரவில் இரத்தம் தேவைப்பட்டபோது அது செய்த உதவியை நாமே கண்டிருக்கிறோம். ஆயினும் அதில் வரும் அறிவிப்பு போனவாரம் என்ன கூறிற்று என்று தேடினால் வாழ்த்துப் படங்களுக்கடியிற் புதைந்து கிடக்கும். கருவியில்லாத முதியோர்க்கோ அது அறிவிப்பேயன்று.

நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், இந்தக் கடற்கரையோரத்தில், பெயர் கூற வேண்டாத ஒரு சிறு சபையில், விழாக் குழுவின் செயலாளராக நாம் இருந்தோம். அங்கே கைப்பிடி அரிசி வழக்கத்தில் இருந்தது. பூச்சி விழுகிறது, எலி வருகிறது, அளந்து விற்பது தொல்லை என்று எடுத்துக்காட்டி, அதற்குப் பதிலாக ஆண்டுச் சந்தா வாங்கலாம் என்னும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நாமே. சபை ஏற்றுக்கொண்டது, வருமானமும் கூடிற்று. அடுத்த விழாவிற்கு முன் மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து நாம் விழா அறிவிப்பை வாசித்தோம். மூன்றாம் ஞாயிறன்று ஆராதனை முடிந்து வெளியே வருகையில், வாயிலருகே ஓர் இஸ்லாமிய அம்மையார் நின்றிருந்தார். "ஐயா, உங்கள் கோயிலைச் சேர்ந்த பாட்டியம்மா வழுக்கி விழுந்து, கட்டுப்போட்டு, எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மூன்று வாரமாக ஒருவரும் தேடி வரவில்லையே, விவரம் தெரியாதோ என்று கேட்க வந்தேன்" என்றார்.

தனியே வாழ்ந்த கைம்பெண் அவர். சந்தாவை ஆண்டுத் தொடக்கத்திலேயே செலுத்திவிட்டார். ஆகையால் நம் கணக்கில் அவர் பெயருக்கு நேரே குறையொன்றும் இல்லை. நாம் பழமும் பையுமாகச் சென்று தலைகவிழ்ந்து நின்றபோது அவர் கோபிக்கவில்லை. "முன்னெல்லாம் பை வராவிட்டால் கேட்பீர்களே, தம்பி" என்று மட்டும் சொன்னார். பின்பு, விழாவிற்கு யார் சமைக்கிறார்கள் என்று விசாரித்தார். அவரைக் காத்த அம்மையார் நமக்குத் தேநீர் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பது எளிதாயில்லை.

இச்சிறு நிகழ்ச்சியோடு ஒப்பிடக்கூடாத பெரியதொரு துயரத்தையும் இக்கடற்கரை அறியும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள், ஸ்தேவான் நினைவு நாள். காலை ஏறக்குறைய ஒன்பது மணிக்கு ஆழிப்பேரலை வந்தது. அந்நாளைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரைக்கால் மீனவர் ஊர்களிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அலை வடிந்தபின் எழுந்த முதற்கேள்வி எவ்வளவு இழப்பு என்பதன்று; யார் இருக்கிறார், யார் இல்லை என்பதே. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் வைத்திருந்த தலைக்கட்டுப் பட்டியல் அவ்வேளையில் நிவாரணம் பங்கிடப் பெரிதும் உதவிற்று. ஆண் இல்லாத வீடுகள் சில இடங்களில் அப்பட்டியலிற் சேராமற்போயின என்னும் முறையீடும் அக்காலத்தில் எழுந்தது. ஒவ்வொரு வீட்டையும் வாரந்தோறும் பெயர்சொல்லி விசாரிக்கும் ஏற்பாடு முன்னரே இருந்தாலன்றி, அத்தகைய நாளில் புதிதாக ஒன்றை உண்டாக்க இயலாது. சந்தாப் பட்டியலும் ஒருவகைத் தலைக்கட்டுப் பட்டியலே. செலுத்தியோர் பெயர் அதில் இருக்கும், அவர் இருக்கும் நிலை இராது.

விழாவே வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அறுவடை முடிந்த தை மாசியில் நெற்கதிரைக் கொணர்ந்து படைப்பது ஆற்றுப்படுகையில் வாழ்வோர்க்கு இயல்பான மகிழ்ச்சி. சென்னையிலும் சிங்கப்பூரிலும் சிதறியிருக்கும் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை கூடுவது அந்நாளிலேயே. பிற மதத்து அயலார் நம்மோடு ஒரே பந்தியில் அமர்வதும் அந்நாளிலேயே. சபைக்கு ஓட்டுக்கூரை மாற்ற வேண்டுமாயின் பணம் சேர்வதும் அதனாலேயே என்பர் மூப்பர். இவை யாவும் உண்மை. ஆயினும் விழா ஒன்றிற்கு மூன்று மாதம் குழு அமைத்து உழைக்கும் நாம், புதன்கிழமை ஒரு நோயாளியைக் காண இருவரை அனுப்புவதற்குக் குழு அமைத்ததுண்டா? விழா நெருங்க நெருங்க வீடுகளைச் சந்தித்தல் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. சந்திக்கச் செல்வோரும் ரசீதுப் புத்தகத்தோடு செல்கிறார்கள். நன்கொடை கேட்க வருவோரைக் கண்டு வீட்டார் சொல்லும் செய்தி வேறு. வெறுங்கையோடு வருவோரிடம் சொல்லும் செய்தி வேறு.

ஆகவே அறிவிப்பின் வரிசையை மாற்ற வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நோயுற்றோர், துக்கத்திலிருப்போர், சென்ற ஞாயிறு வராதோர் ஆகியோரைப் பற்றி முதலில் விசாரித்து, அவர் இசைவோடு பெயரைக் கூறி, எந்த நாளில் யார் அவரைக் காணச் செல்வர் என்று வாசிக்க வேண்டும். பெயரை வெளியிடக் கூசும் துன்பங்கள் உண்டு. அவற்றைக் குருவானவர் அறிவார், சபை அறிய வேண்டுவதில்லை. அதன்பின் வாரநாட்களின் ஜெபங்கள், இடமும் நேரமும் தெளிவாக. பந்தலும் ஒலிபெருக்கியும் கடைசியில் வரட்டும். ஆலயக் கதவில் ஒட்டிய தாளில் இருந்தாலும் கெடுதியில்லை. வாசித்த அறிவிப்பை ஒரு கட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கவும் வேண்டும். ஹாலேயில் முந்நூறு ஆண்டாகக் காகிதம் அழியாதிருக்க, நம் ஆலய அலமாரியில் போன ஆண்டின் தாள் இல்லாதிருப்பது நமக்கு அழகன்று.

இதனை நம் கல்லூரி இதழில் எழுதுவதற்கும் காரணமுண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரை அழைத்து விழா நாடகத்தில் வேடம் கொடுப்பார்கள். பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கச் சொல்வார்கள். அவற்றை மகிழ்ந்து செய்க. ஆயினும் ஏதேனும் ஒரு வாரத்தில், கூட்டமில்லாத வெள்ளி ஜெபத்திற்குச் சென்று வேதபாடம் வாசித்துப் பாருங்கள். நான்கு முதியோரும் ஒரு குழந்தையும் இருப்பார்கள், மின்விசிறி சத்தமிடும். அவர்களுள் ஒருவர் எழுத்துத் தெரியாத கண்ணால் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டம் முடிந்ததும் அவரை வீடுவரை கொண்டுபோய் விடுங்கள். வழியில் அவர் கூறுவதைக் கேளுங்கள். பழைய மாணவரோ, விழாவிற்கு நன்கொடை அனுப்புகையில் உறையினுள் ஒரு வரி எழுதிக் கேட்கலாம்: நம் தெருவில் தனியே இருப்போர் யார், அவரை இம்மாதம் யார் பார்த்தார்? மறுமொழி வரத் தாமதமாகுமாயின் அதுவும் ஒரு மறுமொழியே. ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. பலர் தத்தம் சபைகளில் இதைப் பேச்சின்றிச் செய்து வருவதை நாம் அறிவோம்.

நாம் முன் கூறிய சிறு சபையில், விழா முடிந்த மறுமாதமே கைப்பிடி அரிசி திரும்ப வந்தது. தீர்மானத்தை மாற்றும்படி முன்மொழியும் கடமையும் நம்முடையதாயிற்று. பூச்சியும் எலியும் அதே நிலையில்தான் உள்ளன. முப்பத்திரண்டு வீட்டிற்கும் ஒரே நிறத்துப் பை, பெயர் எழுதாமல், எண் மட்டும் இட்டுத் தைத்துக் கொடுத்தவர் அந்தப் பாட்டியம்மாளே. சென்ற ஆண்டு அட்வெந்து முதல் ஞாயிறன்று மழை விடாமற் பெய்தது. பைகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. கடைசிப் பாட்டு முடியுமுன் இருவர் குடையெடுத்துப் புறப்பட்டனர். அந்த வீடு பூட்டியிருந்தது. வீட்டார் முந்தின நாளே மகளைப் பார்க்கத் தரங்கம்பாடிக்குப் போயிருந்தனராம். நனைந்து திரும்பிய இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தனர்.